84-க்கு 79: ஹார்ட்ஸ் 2014–15 சாம்பியன்ஷிப்பை வென்றது எங்கே?

கேட்கப்பட்டது இதுதான்: ஸ்காட்லாந்தின் இரண்டாம் அடுக்கு லீகான சாம்பியன்ஷிப்பில் 2014–15 சீசனில் ஹார்ட்ஸ், ஹிபர்னியன், ரேஞ்சர்ஸ் என மூன்று பெரிய கிளப்கள் ஒன்றாக ஆடின. அப்படியிருந்தும் ஹார்ட்ஸ் 21 புள்ளி முந்தி வென்றது எப்படி? மற்ற இரண்டும் ஏன் மேலே ஏறவில்லை?

பெரும்பாலோர் இதற்குச் சொல்லும் விடை, "டெர்பி ஆட்டங்களில் (பரம எதிரிகள் தங்களுக்குள் மோதும் ஆட்டங்களில்) ஹார்ட்ஸ் அடித்து நொறுக்கியது" என்பது. அது தவறு. அந்த மூன்று அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அணிக்கும் எட்டு ஆட்டம். ஹிப்ஸ் (ஹிபர்னியன்) 14 புள்ளி, ஹார்ட்ஸ் 12, ரேஞ்சர்ஸ் 7. முதலிடம் ஹிப்ஸுக்கு! இப்போது மீதியுள்ள ஏழு சிறிய அணிகளுக்கு எதிரான 28 ஆட்டங்களைப் பாருங்கள். கிடைக்கக்கூடிய மொத்தப் புள்ளி 84. ஹார்ட்ஸ் எடுத்தது 79. ரேஞ்சர்ஸ் 60, ஹிப்ஸ் 56. சீசன் முழுவதன் விடையும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. 28 ஆட்டங்களில் 26 வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. கோப்பை வெல்லப்பட்டது டம்ஃப்ரீஸ், கர்க்கால்டி, அல்லோவா போன்ற சிறிய அணிகளின் ஊர்களில்தான். தொலைக்காட்சி கேமராக்கள் குவிந்த இடங்களில் அல்ல.

இதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள முதலில் லீகின் அமைப்பு தெரிய வேண்டும். பழைய பிரீமியர் லீகும் கீழ் அடுக்குகளை நடத்திவந்த ஸ்காட்டிஷ் ஃபுட்பால் லீகும் 2013-இல் இணைந்து ஒரே அமைப்பாயின. பிரீமியர்ஷிப்பில் 12 அணிகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 10. சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் நான்கு முறை ஆடும்: சொந்த மைதானத்தில் இரண்டு, எதிரியின் மைதானத்தில் இரண்டு. ஆக 36 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள்; அதுவும் சமமானால் அடித்த கோல்களின் எண்ணிக்கை.

நேரடியாக மேலே போவது முதலிடத்து அணி ஒன்றே ஒன்றுதான். இரண்டு, மூன்று, நான்காம் இடங்களுக்கு பிளே-ஆஃப் என்ற கூடுதல் தகுதிச் சுற்று. கீழே, பத்தாவது அணி நேராக லீக் ஒன்னுக்கு இறங்கும்; ஒன்பதாவது அணி லீக் ஒன்னின் இரண்டு, மூன்று, நான்காம் அணிகளோடு பிளே-ஆஃப் ஆடித் தப்பிக்க வேண்டும்.

நான்கு முறை மோதும் இந்த அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பெரிய கிளப்பை எப்படித் தடுக்கலாம் என்று ஒரு சிறிய அணி ஆகஸ்டில் கண்டுபிடித்துவிட்டால், அதே வித்தையை இன்னும் மூன்று முறை செய்துபார்க்கலாம். இரண்டு முறை மட்டும் மோதும் லீகுகளில் அந்த வாய்ப்பு கிடையாது. ரேஞ்சர்ஸை அல்லோவா மூன்று லீக் ஆட்டங்களில் சமனில் தடுத்து நிறுத்தியதை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

மூன்று கிளப்களும் எப்படி ஒரே நேரத்தில் இங்கே வந்து சேர்ந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் யாருக்கு எவ்வளவு அவகாசம் கிடைத்தது என்பது அதில்தான் இருக்கிறது. ரேஞ்சர்ஸ் 2012-இல் நிதிச் சரிவுக்குப் பிறகு நான்காம் அடுக்கிலிருந்து தொடங்கியது. இரண்டு ஆண்டில் இரண்டு படி ஏறியது. 2013–14-இல் லீக் ஒன்னை ஒரு தோல்விகூட இல்லாமல் 102 புள்ளிகளோடு வென்றது. ஹார்ட்ஸ் 2013-இல் கடனில் மூழ்கி திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனதால், 2013–14 பிரீமியர்ஷிப்பை 15 புள்ளி கழிவோடு தொடங்கி, 23 புள்ளிகளோடு கடைசியில் முடித்தது. புதிய ஆட்களை எடுக்கவும் தடை இருந்தது. ஹிப்ஸின் கதை இன்னும் கொடுமை. பிரீமியர்ஷிப்பில் 11-ஆம் இடம் பிடித்து, பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில் ஹாமில்டனை அவர்கள் மண்ணிலேயே 2–0 என வென்றுவிட்டு, 2014 மே 25 அன்று சொந்த மைதானத்தில் அதே 2–0 கணக்கில் தோற்று, பெனால்டி ஷூட்-அவுட்டில் கீழே விழுந்தது.

இங்கே தேதிகளைக் கவனியுங்கள். ஹார்ட்ஸுக்குத் தன் தரமிறக்கம் ஏப்ரலிலேயே உறுதியாகிவிட்டது. மே மாதத்தில் தொழிலதிபர் ஆன் பட்ஜ் கிளப்பை ஏற்றார்; ஏற்ற கையோடு பயிற்சியாளர் கேரி லாக் விடுவிக்கப்பட்டார்; கிரெய்க் லெவின் கால்பந்து இயக்குநராகவும், ராபி நீல்சன் தலைமைப் பயிற்சியாளராகவும் வந்தார்கள். நீல்சனுக்கு முதல் தலைமைப் பொறுப்பே இதுதான். ஹிப்ஸோ மே கடைசிவரை எந்த அடுக்கில் ஆடப்போகிறோம் என்றே தெரியாமல் இருந்தது. ஜூனில் டெரி புட்சரை நீக்கி, ஜூன் பிற்பகுதியில்தான் ஆலன் ஸ்டப்ஸை அமர்த்தியது. சீசன் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் தொடங்கியது. ஏறக்குறைய ஆறு வாரத்தில் ஓர் அணியைக் கட்டுவது நடக்காத காரியம். ஹிப்ஸ் ஆரம்பத்தில் தடுமாறியதற்கும், குளிர்காலத்துக்குப் பிறகு மிக நல்ல அணியாக மாறியதற்கும் இதுவே காரணம் என்பது என் கணிப்பு. முன்கூட்டியே விழுவதில் இப்படியொரு நன்மை இருக்கிறது.

ஹார்ட்ஸ் கட்டிய அணியின் கலவை கற்றுக்கொள்ளத்தக்கது. ஆள் எடுக்கத் தடை இருந்த முந்தைய ஆண்டில் வேறு வழியின்றி அகாதமிப் பையன்களையே பிரீமியர்ஷிப்பில் இறக்கியிருந்தார்கள். வாரா வாரம் அடிவாங்கிய அந்தப் பையன்கள், ஒரு படி கீழே வந்தபோது வயதுக்கு மீறிய அனுபவத்தோடு வந்தார்கள். கேலம் பேட்டர்சன், ஜேமி வாக்கர், சாம் நிக்கல்சன், பில்லி கிங் எல்லாம் அந்த வரிசை. அவர்களைச் சுற்றி முதுகெலும்பு போலச் சில ஆட்களை மட்டும் நீல்சனும் லெவினும் வைத்தார்கள்: கோல்காப்பில் அனுபவசாலி நீல் அலெக்சாண்டர், தடுப்பில் கேப்டன் டேனி வில்சனும் அலிம் ஓஸ்துர்க்கும், நடுக்களத்தில் மொர்காரோ கோமிஸும் பிரின்ஸ் புவாபெனும், முன்னே உயரமான ஒஸ்மான் சோ. பெயர் பெற்றவர்களைக் குவிக்கவில்லை. எந்த இடத்தில் ஓட்டை இருந்ததோ அந்த இடத்துக்கு மட்டும் ஆள். ஓட்டத்தை இளைஞர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் எட்டு நாளிலேயே அது தெரிந்துவிட்டது. 2014 ஆகஸ்ட் 10, ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸ். வில்சன் அடித்த கோலால் ஹார்ட்ஸ் முன்னிலையில் இருக்க, 90 நிமிடம் தாண்டி நிக்கி லா சமன் செய்தார். மைதானம் அதிர்ந்தது. நடுக்கோட்டிலிருந்து பந்தை உதைத்துத் தொடங்கிய வேகத்திலேயே சோ இரண்டாவதை அடித்தார். 2–1. அடுத்த ஞாயிறு தன் மைதானமான டைன்காசிலில் ஹிப்ஸ்; அதுவும் 2–1. இரண்டு பெரிய எதிரிகளையும் முதல் இரண்டு ஆட்டத்தில் முடித்துவிட்ட அணிக்கு, அதன் பிறகு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் இலகுவாகிவிட்டது. முதல் 20 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை.

டெர்பிகளில் ஹார்ட்ஸ் ஆதிக்கம் செலுத்தவில்லை என்றேனே, அதற்குச் சாட்சி, ஒரே ஊர்க்காரர்களான ஹிப்ஸோடு ஆடிய அடுத்த மூன்று எடின்பரோ டெர்பிகள். அக்டோபர் 26-இல் ஹிப்ஸின் மைதானமான ஈஸ்டர் ரோட்டில் தோற்றுக்கொண்டிருந்த ஹார்ட்ஸைக் கூடுதல் நிமிடங்களில் ஓஸ்துர்க் வெகுதூரத்திலிருந்து அடித்த ஒரு பீரங்கிக் குண்டு காப்பாற்றியது. 1–1. ஜனவரி 3-இல் இன்னொரு 1–1. ஏப்ரல் 12-இல் ஹிப்ஸ் 2–0 என வென்றது. நான்கு டெர்பியில் இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஐந்து புள்ளி. சமபலம்தான்.

ஆனால் சிறிய அணிகளிடம் வந்தால் கதை வேறு. ஹிப்ஸ் அந்த 28 ஆட்டங்களில் 17 வென்று, 5 சமன் செய்து, 6 தோற்றது. ரேஞ்சர்ஸ் 17 வென்று, 9 சமன் செய்து, 2 மட்டுமே தோற்றது. இந்த இரண்டு வரியையும் ஒப்பிட்டால் இரண்டு கிளப்களின் நோயும் வெவ்வேறு என்பது விளங்கும். ஹிப்ஸுக்கு நாள் சரியில்லை என்றால் தோற்கும். ரேஞ்சர்ஸ் சுலபத்தில் தோற்காது. பந்தை வைத்துக்கொண்டே இருக்கும், கோல் வராது, கடைசியில் 1–1. ஒரு சமனில் கைநழுவுவது இரண்டு புள்ளி. ஒன்பது சமனில் பதினெட்டு. கடைசி இடத்து கௌடன்பீத்தோடுகூட 0–0 ஆடியது ரேஞ்சர்ஸ். அதே கௌடன்பீத்தை 2015 பிப்ரவரி 28-இல் ஹார்ட்ஸ் 10–0 என வென்றது.

ரேஞ்சர்ஸின் லீக் தோல்விகள் மொத்தம் ஏழு. ஹார்ட்ஸிடம் இரண்டு, ஹிப்ஸிடம் மூன்று, குயின் ஆஃப் தி சவுத்திடம் இரண்டு. மீதி ஆறு அணிகளிடம் ஒன்றுகூட இல்லை. ஆக, பலமான அணிகளிடம் தோல்வி, பலவீனமான அணிகளிடம் சமன். இரண்டு பக்கமும் கசிவு.

ஏன் இப்படி? மூன்று காரணங்கள் சேர்ந்தே வேலை செய்தன. அணியின் வயது ஒன்று. கென்னி மில்லர், கிரிஸ் பாய்ட், லீ மெக்கலக், ஜான் டேலி என்று முப்பதைத் தாண்டியவர்களைச் சுற்றியே அணி ஓடியது. கீழ் அடுக்குகளில் அவர்களின் பெயரே பாதி ஆட்டத்தை வென்றுவிடும். ஹிப்ஸின் ஸ்காட் ஆலன் போன்ற ஒரு நடுக்கள ஆட்டக்காரர் பந்தோடு திரும்பும்போது அவர்களால் பின்னால் ஓட முடியவில்லை. அந்தப் பருவத்தின் சாம்பியன்ஷிப் சிறந்த வீரர் விருதை சக வீரர்கள் ஆலனுக்குத்தான் தந்தார்கள். செப்டம்பர் 29-இல் ஐப்ராக்ஸில் 3–1, டிசம்பர் 27-இல் ஈஸ்டர் ரோட்டில் 4–0, பிப்ரவரி 13-இல் மீண்டும் ஐப்ராக்ஸில் 2–0 என ஹிப்ஸ் வரிசையாக வென்றதை வேறு எப்படியும் விளக்க முடியாது.

இரண்டாவது, பணமும் நிர்வாகமும். ஆள் மாறிக்கொண்டே இருந்த இயக்குநர் குழு, தொழிலதிபர் மைக் ஆஷ்லியிடம் வாங்கிய கடன்கள், மைதானத்தில் ரசிகர்களின் எதிர்ப்பு. ஜனவரியில், அகாதமியில் வளர்ந்த இளம் நடுக்கள வீரர் லூயிஸ் மெக்லியோடை பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றார்கள். அணியில் இருந்த சில இளம் கால்களில் ஒன்று போனது. பதிலுக்கு அப்போது ஆஷ்லிக்குச் சொந்தமாக இருந்த இங்கிலாந்துக் கிளப் நியூகாசிலிலிருந்து ஐந்து பேர் இரவல் வந்தார்கள்; ஹாரிஸ் வுச்கிச் ஒருவரே தொடர்ந்து பயன்பட்டார். மார்ச் 6-இல் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் பழைய குழு வீழ்ந்து டேவ் கிங் தரப்பு வந்தது. சீசனின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாவது, பயிற்சியாளர்கள். அல்லி மெக்காய்ஸ்ட் டிசம்பரில் ராஜினாமா அறிவிப்புக் கொடுத்தார். அந்தச் செய்தி கசிந்த டிசம்பர் 12 இரவிலேயே குயின் ஆஃப் தி சவுத்தின் மைதானமான பால்மர்ஸ்டன் பார்க்கில் அணி 2–0 என தோற்றது. அவருக்குப் பின் கென்னி மெக்டவல் தற்காலிகமாக. மார்ச் மத்தியில் ஸ்டூவர்ட் மெக்கால். ஒரு சீசன், மூன்று பயிற்சியாளர்கள். நீல்சன் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒருவரே.

பால்மர்ஸ்டனைப் பற்றிச் சொல்லாமல் இந்த லீகைப் பேச முடியாது. தென்மேற்கே டம்ஃப்ரீஸ் ஊரில் இருக்கும் இந்த மைதானத்தில் அப்போது செயற்கைப் புல். ஃபால்கர்க், அல்லோவா மைதானங்களும் அப்படியே. ஜனவரியில் இயற்கைப் புல்லில் பந்து சேற்றில் நின்றுவிடும். செயற்கைப் புல்லில் ஆகஸ்டில் ஓடுவதுபோலவே ஓடும், கொஞ்சம் கூடுதலாக எழும்பும். வாரம் முழுவதும் அதிலேயே பயிற்சி செய்யும் அணிக்குப் பந்தின் எழும்பல் கைவந்த கலை. பக்கவாட்டில் சறுக்கித் தடுக்கும் பழைய பாணித் தடுப்பாட்டக்காரர் அங்கே ஒரு நொடி தயங்குவார். அந்த ஒரு நொடியில் கோல் விழும். குயின் ஆஃப் தி சவுத் அந்த மைதானத்தில் ரேஞ்சர்ஸை ஒரு முறை 2–0 எனவும், ஏப்ரலில் 3–0 எனவும் வென்றது. ஜேம்ஸ் ஃபவுலரின் அந்த அணி 60 புள்ளியோடு நான்காம் இடம் பிடித்தது முற்றிலும் தகுதியானது.

மற்ற மைதானங்களின் அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்ராக்ஸில் 50,000 பேர் அமரலாம். டம்பார்ட்டனில் கோட்டைப் பாறையின் அடிவாரத்தில் ஒரே ஒரு பார்வையாளர் மேடை, சுமார் 2,000 இருக்கை. கௌடன்பீத்தின் சென்ட்ரல் பார்க்கில் ஆடுகளத்தைச் சுற்றி ஸ்டாக் கார் பந்தயத் தடம் ஓடுகிறது. அதனால் பார்வையாளர்கள் பந்திலிருந்து விலகி நிற்பார்கள். டம்பார்ட்டன், அல்லோவா, கௌடன்பீத் மூன்றும் பகுதிநேர கிளப்கள். அவற்றின் வீரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் ஓரிரு மாலைகளில் பயிற்சிக்கு வருகிறவர்கள். இப்படிப்பட்ட அணியிடம் புள்ளி விடுவதை ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அல்லோவாவுக்கு மரியாதை கொடுக்க வேண்டிய இடம் அது. பகுதிநேர அணிக்குத் தெரிந்த ஒரு வேலையை அவர்கள் அபாரமாகச் செய்தார்கள்: பத்துப் பேர் பந்துக்குப் பின்னால், 90 நிமிடம். டிசம்பர் 3-இல், கீழ் அடுக்குக் கிளப்களுக்கான சேலஞ்ச் கோப்பையின் அரையிறுதியில் 0–2 எனப் பின்தங்கி, 3–2 என ரேஞ்சர்ஸை வென்றே காட்டினார்கள். பிப்ரவரியில் ரெய்த் ரோவர்ஸ் ஐப்ராக்ஸுக்கே போய் ஸ்காட்டிஷ் கோப்பையில் 2–1 என வென்றது.

பனியால் வந்த ஒரு வினோதமும் உண்டு. ஜனவரி 16 வெள்ளி இரவு, ஐப்ராக்ஸில் ரேஞ்சர்ஸ்–ஹார்ட்ஸ். கோடுகளே தெரியாத அளவுக்குப் பனி கொட்ட, முதல் பாதியிலேயே நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். கைவிட்ட ஆட்டத்தின் நிமிடங்கள் எதுவும் கணக்கில் வராது; முதலிலிருந்து மறுபடி ஆட வேண்டும். மறு ஆட்டம் ஏப்ரல் 5-இல் நடந்தபோது ரேஞ்சர்ஸுக்குப் புதிய இயக்குநர் குழு, புதிய பயிற்சியாளர்; ஹார்ட்ஸோ ஏற்கெனவே சாம்பியன். ரேஞ்சர்ஸ் 2–1 என வென்றது.

ஹார்ட்ஸ் பட்டத்தை உறுதிசெய்தது தான் ஆடாத ஒரு நாளில். மார்ச் 22-இல் ஈஸ்டர் ரோட்டில் ரேஞ்சர்ஸ் 2–0 என ஹிப்ஸை வென்றதும், இனி யாராலும் எட்ட முடியாது என்று ஆகிவிட்டது. இன்னும் ஏழு ஆட்டம் பாக்கி. ஹார்ட்ஸின் அந்த சீசன் தோல்விகள் மூன்றே: ஃபால்கர்க், ரேஞ்சர்ஸ், ஹிப்ஸ். அதில் கடைசி இரண்டும் பட்டம் கைக்கு வந்த பிறகு நேர்ந்தவை.

இரண்டாம் இடத்துக்கான சண்டை கடைசி நாள் வரை நீடித்தது. ஹிப்ஸ் 67, ரேஞ்சர்ஸ் 66 என்ற நிலையில் மே 2 வந்தது. ஃபால்கர்க்கில் ஹிப்ஸ் 3–0 என வென்றது. டைன்காசிலில் 2–0 முன்னிலையில் இருந்த ரேஞ்சர்ஸ், கடைசி நிமிடங்களில் கெனேரோ சேஃபைக்கின் இரண்டு கோல்களால் 2–2 எனச் சமனானது. வென்றிருந்தாலும் 69தான், ஹிப்ஸின் 70-ஐ எட்டியிருக்காது. ஆனால் மனத்தளவில் அந்த இரண்டு கோல் கனமானது.

முழுப் பட்டியல் இப்படி முடிந்தது. ஹார்ட்ஸ் 91 புள்ளி, 96 கோல் அடித்து 26 வாங்கியது. ஹிப்ஸ் 70, ரேஞ்சர்ஸ் 67, குயின் ஆஃப் தி சவுத் 60, ஃபால்கர்க் 53, ரெய்த் ரோவர்ஸ் 43, டம்பார்ட்டன் 34, லிவிங்ஸ்டன் 27, அல்லோவா 27, கௌடன்பீத் 25. பீட்டர் ஹூஸ்டனின் ஃபால்கர்க் ஸ்காட்டிஷ் கோப்பை அரையிறுதியில் ஹிப்ஸை 1–0 என வென்று, இறுதியில் இன்வர்னஸிடம் 2–1 எனத் தோற்றதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களுக்கு இது மிக நல்ல ஆண்டு.

அடிமட்டத்துப் போராட்டத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதுதான் எனக்கு இந்த சீசனில் பிடித்த பகுதி. லிவிங்ஸ்டனுக்கு நிதி விதிமீறலுக்காக 5 புள்ளி கழிக்கப்பட்டது. மைதானத்தில் அவர்கள் சம்பாதித்தது 32. கழிவுக்குப் பின் 27. கடைசி நாள் தொடங்கும்போது கௌடன்பீத்திடம் 25, அல்லோவாவிடம் 24. அன்று இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதின! அல்லோவா 3–0 என வென்றது. சீசன் முழுவதும் அல்லோவா வென்றது 6 ஆட்டம், கௌடன்பீத் 7. அதிகம் வென்ற அணிதான் இறங்கியது. காரணம் சமன்கள்: அல்லோவா 9, கௌடன்பீத் 4. ரேஞ்சர்ஸை மேலே ஏறவிடாமல் செய்த அதே சமன்கள் அல்லோவாவின் உயிரைக் காப்பாற்றின. லிவிங்ஸ்டன் கோல் வித்தியாசத்தில் எட்டாமிடம். ஒன்பதாமிடத்து அல்லோவா பிளே-ஆஃப் இறுதியில் ஃபோர்ஃபரை வென்று தப்பியது. இதற்கெல்லாம் நடுவே, ஏப்ரல் 5-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியில் ஆடியது யார் தெரியுமா? இதே லிவிங்ஸ்டனும் இதே அல்லோவாவும். லிவிங்ஸ்டன் 4–0.

இனி, ஹிப்ஸும் ரேஞ்சர்ஸும் ஏன் ஏறவில்லை என்ற கேள்வியின் மறுபாதி. பிளே-ஆஃப் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மூன்றாம், நான்காம் அணிகள் இரண்டு ஆட்டம் ஆடும். வென்றவர் இரண்டாம் அணியோடு இரண்டு ஆட்டம். அதில் வென்றவர் பிரீமியர்ஷிப்பின் 11-ஆம் அணியோடு இரண்டு ஆட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் லீகில் மேலே முடித்த அணிக்கு இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். வெளியூர்க் கோலுக்குக் கூடுதல் மதிப்பு கிடையாது. மொத்தக் கணக்கு சமமானால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. ஆக, மூன்றாமிடத்து அணிக்கு ஆறு ஆட்டம், இரண்டாமிடத்துக்கு நான்கு, மேலிருந்து வரும் அணிக்கு இரண்டே இரண்டு. அப்போது நுழைவுக் கட்டண வருமானத்தில் பாதி லீகுக்குப் போய்விட்டதால் கிளப்களுக்குக் காசும் பெரிதாக மிஞ்சவில்லை.

ரேஞ்சர்ஸின் அட்டவணை: மே 9 குயின் ஆஃப் தி சவுத்தில் 2–1 வெற்றி, மே 17 ஐப்ராக்ஸில் 1–1. மே 20 ஹிப்ஸுக்கு எதிராக 2–0, மே 23 ஈஸ்டர் ரோட்டில் 0–1 தோல்வி, மொத்தத்தில் 2–1. சீசன் முழுக்க ரேஞ்சர்ஸைப் படுத்தி எடுத்த ஹிப்ஸ், தேவைப்பட்ட அந்த ஒரு இரவில் ஐப்ராக்ஸில் கோல் அடிக்கத் தவறியது. மே 28-இல், பிரீமியர்ஷிப்பின் 11-ஆம் அணியான மதர்வெல் ஐப்ராக்ஸில் 3–1 என வென்றது. மே 31-இல் தன் மைதானத்தில் 3–0. மொத்தம் 6–1. 23 நாளில் ஆறு ஆட்டம் ஆடிய வயதான கால்களால் மதர்வெல்லின் வேகத்தைத் தாங்க முடியவில்லை. மதர்வெல்லின் ஆட்டக்காரர்களை மெக்காலுக்கு உள்ளும் புறமும் தெரியும். 2014 நவம்பர் வரை அவர்தான் அங்கே பயிற்சியாளர். தெரிந்தும் பலனில்லை. கடைசி விசில் அடித்த பிறகு ரேஞ்சர்ஸின் பிலால் மொஹ்ஸ்னியும் மதர்வெல்லின் லீ எர்வினும் கைகலந்தது வேறு அந்த நாளின் பெயரைக் கெடுத்தது.

இதை ரேஞ்சர்ஸின் தோல்வி என்று மட்டும் பார்க்க வேண்டாம். 2014 முதல் 2019 வரை நடந்த ஆறு பிளே-ஆஃப் இறுதிகளில் சாம்பியன்ஷிப் அணி வென்றது இரண்டே முறை: 2014-இல் ஹாமில்டன், 2018-இல் லிவிங்ஸ்டன். மற்ற நான்கிலும் மேலடுக்கு அணியே தப்பித்தது. அதனால்தான் இந்த லீகைத் தெரிந்தவர்கள் இரண்டாமிடத்தைப் பெரிதாகக் கொண்டாடுவதில்லை.

ஹிப்ஸின் 70 புள்ளி எந்த அளவுக்குப் பெரியது என்பதற்கு ஒரு அளவுகோல். முந்தைய ஆண்டு டண்டீ இதே லீகை வென்றது 69 புள்ளியில். 2021–22-இல் கில்மார்னக் வென்றது 67-இல், 2022–23-இல் மறுபடி டண்டீ 63-இல். எல்லாமே 36 ஆட்டங்கள்தான். ஸ்டப்ஸின் அந்த அணி வேறு ஆண்டுகளில் பிறந்திருந்தால் சாம்பியன். ரேஞ்சர்ஸின் 67-கூட ஓராண்டில் பட்டம் வென்ற எண். புதிதாக இந்த லீகைப் பின்தொடர்கிறவர்கள் கணக்குப் போட எளிய வழி: ஆட்டத்துக்குச் சராசரி இரண்டு புள்ளி எடுத்தால், அதாவது 72 புள்ளி வந்தால், பெரும்பாலும் பட்டம் கிடைக்கும். ஹார்ட்ஸ் அந்த ஆண்டு எடுத்தது ஆட்டத்துக்கு இரண்டரைக்கும் மேல்.

ரேஞ்சர்ஸ் அடுத்த ஆண்டு மார்க் வார்பர்ட்டனின் கீழ் 81 புள்ளியோடு வென்று மேலே போனது. ஹிப்ஸ் இன்னும் இரண்டு சீசன் இந்த அடுக்கிலேயே இருந்தது. ஆனால் 2016 மே 21-இல், இரண்டாம் அடுக்கில் இருந்துகொண்டே, ரேஞ்சர்ஸை 3–2 என வென்று ஸ்காட்டிஷ் கோப்பையை எடுத்தது. ஹிப்ஸ் அதற்கு முன் அந்தக் கோப்பையைத் தொட்டது 1902-இல்.